பாஸ்டனில் ஏறி கியூபெக்கில் இறங்கும் அக்டோபர் கப்பல் பயணம்: பெட்டியில் என்ன, கரையில் எங்கே

கேள்வி சுருக்கமாக இதுதான். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். அக்டோபர் முதல் வாரத்தில் பாஸ்டனில் ஏறி, பார் ஹார்பர், ஹாலிஃபாக்ஸ், சிட்னி (ஆஸ்திரேலியாவில் இருப்பதல்ல, கனடாவில் உள்ள ஊர்), சார்லட்டவுன் வழியாகக் கியூபெக் நகரில் இறங்கும் ஏழு இரவுக் கப்பலில் இடம் பிடித்திருக்கிறீர்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. சாப்பாடு சைவம். என்ன துணிமணி எடுப்பது, ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்தில் எதைப் பார்ப்பது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வழியில் போய் வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், அவை ஒரே கேள்வி. கப்பலுக்குள் எப்போதும் ஒரே இதமான சூடு, எது போட்டாலும் சமாளிக்கலாம். காற்றும் மழையும் வழுக்கும் கல்பாதையும் இருப்பது கரையில். பிற்பகல் இரண்டு மணிக்கே குளிர் தாங்காமல் அம்மா கப்பலுக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டால், போட்ட திட்டம் எல்லாம் அதோடு முடிந்தது. அதனால் கப்பல் விருந்துகளை நினைத்துப் பெட்டி அடுக்காதீர்கள். கரையில் நிற்கப்போகும் மணி நேரங்களை நினைத்து அடுக்குங்கள்.

முதலில் வானிலை. அக்டோபர் தொடக்கத்தில் பாஸ்டனில் பகல் வெப்பம் 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், வெயில் அடித்தால் அரைக்கைச் சட்டையே போதும். வடக்கே போகப் போகக் குறையும். கியூபெக்கில் நீங்கள் இறங்கும் நாளில் பகல் 12, 13 டிகிரி, இரவு 5 அல்லது அதற்கும் கீழே. இந்த எண்கள் மட்டும் உண்மையைச் சொல்வதில்லை. கப்பல் 20 நாட் வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று அடிக்கும். எதிர்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 10 டிகிரி என்று செல்பேசி காட்டும் காலையில் கை விரல் மரத்துப்போகும்.

இதற்குக் கனமான ஒரே கோட்டு சரிப்படாது. காலை எட்டு மணிக்கு நடுங்கிவிட்டு, நண்பகலில் அதே கோட்டைச் சுமந்துகொண்டு வியர்க்க வேண்டியிருக்கும். மூன்று அடுக்காக உடுத்துங்கள். உடம்பை ஒட்டி மெல்லிய தெர்மல், அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் மழையையும் தடுக்கும், தலைமூடியுள்ள மெல்லிய ஜாக்கெட். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் வைக்கலாம். மேல் ஜாக்கெட்டுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும். குடையை நம்ப வேண்டாம். ஹாலிஃபாக்ஸ் கடற்கரையிலும் கியூபெக் மேல்நகரத்திலும் அடிக்கும் காற்று அதை முதல் திருப்பத்திலேயே மடக்கிவிடும்.

கம்பளிக் குல்லா, கையுறை, கழுத்தில் சுற்ற ஒரு மப்ளர் அல்லது சால்வை ஆளுக்கு ஒன்று. எடை குறைவு, பயன் பெரிது. ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள், நனைந்தால் அறையில் ஒரு நாள் முழுக்கக் காயாது. சாக்ஸும் பருத்தியில் வேண்டாம், கம்பளி கலந்தது எடுங்கள். ஈரமானாலும் கால் சில்லிடாது.

காலணிதான் என் பட்டியலில் முதல் இடம், குறிப்பாக அப்பாவுக்கு. பழகிய, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் நடைஷூ ஒன்று, அது நனைந்தால் மாற்ற இன்னொன்று. பயணத்துக்கென்று புது ஷூ வாங்குவதானால் இப்போதே வாங்கி, குறைந்தது மூன்று வாரமாவது அவரைத் தினமும் அதில் நடக்கச் சொல்லுங்கள். பாஸ்டனின் பழைய தெருக்கள் செங்கல் பாவியவை, கியூபெக்கின் கீழ்நகரம் கருங்கல் பாவியது. அவற்றின்மேல் நனைந்த மேப்பிள் இலை விழுந்து கிடந்தால் எண்ணெய் கொட்டிய தரை மாதிரி வழுக்கும். மடக்கக்கூடிய நடைக்கோல் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். ஊரில் கோல் பிடிக்கக் கூச்சப்படும் பெரியவர்கள் கூட இங்கே பிடிப்பார்கள், சுற்றிலும் பாதிப் பேர் அப்படித்தான் நடக்கிறார்கள்.

அம்மா புடவைதான் கட்டுவார் என்றால் கப்பலில் தாராளமாகக் கட்டலாம். விருந்து இரவுக்கு ஒரு பட்டுப் புடவையைவிட அழகான உடுப்பு அந்த உணவுக்கூடத்தில் இருக்காது. கரையில் இறங்கும்போது மட்டும் வேண்டாம். காற்று ஒரு காரணம், சில ஊர்களில் கப்பலிலிருந்து கரைக்கு ஏற்றிப்போகும் சிறு டெண்டர் படகு இன்னொரு காரணம். அசையும் படகிலிருந்து மேடைக்குக் கால் வைக்கும்போது புடவை தடுக்கும். தெர்மல் பேண்ட்டுக்கு மேல் சுடிதார் போட்டுப் பழக்கிவிடுங்கள். விருந்து இரவுக்கென ஆளுக்கு ஒரு நல்ல உடுப்பு போதும், இரண்டு முறை போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஏறும் நாளில் துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதனால் பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அப்பா அம்மாவின் மருந்துகளை ஏழு நாள் கணக்காக எடுக்காமல் நான்கைந்து நாள் கூடுதலாக எடுங்கள். மாத்திரைகள் அவற்றின் சொந்த அட்டையிலேயே, மருத்துவர் சீட்டோடு இருப்பது எல்லையில் நல்லது. கடைசி இரவிலும் இதே கதை தலைகீழாக நடக்கும். பெட்டியை இரவே வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடுப்பையும் ஷூவையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும்.

மின்சாரக் கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி இவற்றையெல்லாம் ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள், தீ அபாயம்தான் காரணம். வீட்டில் சமைத்ததையும் ஏற்ற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களுக்குப் பொதுவாகத் தடை இல்லை. கப்பலில் சைவம் கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டாம். முதல் நாள் இரவே உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் மறுநாளிலிருந்து தனியாகச் செய்து தருகிறார்கள். நேரம் கழித்துச் சொன்னால் பாஸ்தாவிலும் சாலட்டிலும் வாரம் ஓடிவிடும்.

அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகு, ஆகவே காந்தக் கொக்கி நான்கைந்து வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த ஜாக்கெட்டுகளைத் தொங்கவிட அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு தொலைநோக்கியும் எடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடல் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. தெற்கே கிளம்பும் புயல்கள் ஹாலிஃபாக்ஸும் சிட்னியும் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணம் வரைக்கும் வருவதுண்டு. 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல் அங்கே கரை கடந்து பெரும் சேதம் செய்தது. புயல் நேரில் வராவிட்டாலும் அலை வரும், கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகலாம். ஆகவே சொந்தமாகப் பதிவு செய்யும் எந்தச் சுற்றுலாவையும் ரத்து செய்தால் பணம் திரும்பும்படி பதிவு செய்யுங்கள். குமட்டலுக்கு மெக்லிசின் மாத்திரை, வந்தபிறகு போடுவதைவிட வருவதற்கு முன்னால் போட்டால்தான் வேலை செய்யும். தூக்கமும் மயக்கமும் வரலாம் என்பதால் பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்டபிறகே கொடுங்கள். அறையை இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

காகிதங்கள். இந்தியக் கடவுச்சீட்டில் வரும் அப்பா அம்மாவுக்குக் கனடாவின் வருகையாளர் விசா தனியாக வேண்டும், அமெரிக்க விசா அதற்கு ஈடாகாது. திரும்பி அமெரிக்காவுக்குள் வர வேண்டியிருப்பதால் அவர்களுடைய அமெரிக்க விசா பல முறை நுழைவுக்கானதா என்றும் பாருங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் பாஸ்டன் துறைமுகத்திலேயே ஏற்ற மாட்டார்கள். விசாவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் துணி வாங்கும் முன் இந்த வேலையை முடியுங்கள்.

இன்னொன்று கடிகாரம். பாஸ்டனும் பார் ஹார்பரும் கிழக்கு நேரம். ஹாலிஃபாக்ஸ், சிட்னி, சார்லட்டவுன் மூன்றும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் அட்லாண்டிக் நேரம். கியூபெக் மறுபடியும் கிழக்கு நேரம். கரையைத் தொட்டதும் செல்பேசி தானாக மாறிவிடும், கப்பல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை யாராவது கட்டிக்கொள்ளுங்கள். நடுக்கடலில் செல்பேசி விமானப் பயன்முறையிலேயே இருக்கட்டும், கப்பலின் செல் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் கட்டணம் எகிறும். ஊர் வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரே நல்ல விதி இது: ஒரு துறைமுகத்துக்கு ஒரு திட்டம். ஊருக்குள் நடப்பது, அல்லது தொலைவில் உள்ள ஓர் இடத்துக்குப் போய் வருவது. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் இரண்டுமே பேருந்து ஜன்னல் வழியாகத்தான் முடியும். நடக்கும் தூரத்தில் இருப்பதற்குக் கப்பல் விற்கும் சுற்றுலா தேவையே இல்லை. தொலைவு என்றால் கப்பல் சுற்றுலாவுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த வண்டி தாமதமானால் காத்திருக்காது.

பாஸ்டனுக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். நியூ ஜெர்சியிலிருந்து வண்டியில் போனாலும் நெடுஞ்சாலை நெரிசலை நம்ப முடியாது. அந்த அரை நாளில் ஃப்ரீடம் டிரெய்ல் போதும். நடைபாதையில் பதித்த சிவப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து 4 கிலோமீட்டரில் 16 வரலாற்று இடங்கள். 1634இல் தொடங்கிய பாஸ்டன் காமன் பூங்காவில் ஆரம்பித்து, கிரானரி கல்லறைத் தோட்டம், 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகை, ஃபேனல் ஹால் வரை நடந்தால் கிட்டத்தட்ட சமதரை. மாளிகையின் வாசலில்தான் 1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டார்கள். அந்த இடத்தைத் தரையில் வட்டமாகக் குறித்திருக்கிறார்கள், தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போவார்கள். அதற்கப்பால் நார்த் எண்ட் பகுதியில் அமெரிக்கப் புரட்சி வீரர் பால் ரெவியரின் மரவீடும், 1723இல் கட்டிய பழைய நார்த் தேவாலயமும் பார்த்துவிட்டு அப்பாவை உட்கார வையுங்கள். பாலம் தாண்டிப் போகும் பங்கர் ஹில் நினைவுத்தூணுக்கு 294 படி, அது அவருக்கு வேண்டாம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பாஸ்டனில் இலைகள் பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். அங்கே நிறம் முற்றுவது அக்டோபர் நடுவுக்குப் பின்னால். கடல் கோடையின் சூட்டை மெதுவாகத்தான் விடுகிறது என்பதால் கரையோர மரங்கள் உள்நாட்டு மரங்களைவிடத் தாமதமாக நிறம் மாறும். நீங்கள் வடக்கே போவதால் நாளுக்கு நாள் நிறம் கூடிக்கொண்டே வரும். கியூபெக் பக்கம் அந்த வாரத்தில் உச்சத்தை ஒட்டி இருக்கும்.

பார் ஹார்பரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்து, கப்பலிலிருந்து ஒரு நாளில் இறங்கும் பயணிகளை 1,000 பேர் என்று வரம்பு கட்டினார்கள். அதன்பின் பல கப்பல்கள் அந்த ஊரை விட்டுவிட்டு வேறு துறைமுகம் போகின்றன. உங்கள் பயண அட்டவணையை அவ்வப்போது பாருங்கள். இறங்க முடிந்தால் டெண்டர் படகில்தான் கரைக்குப் போக வேண்டும், காலையிலேயே படகுச் சீட்டு வாங்கிவிடுங்கள். இங்கே ஊரைவிட அக்கேடியா தேசியப் பூங்காதான் காரணம். 466 மீட்டர் உயரமுள்ள கேடிலாக் மலையின் உச்சிவரை சாலை உண்டு, அப்பா ஒரு படி ஏறாமல் தீவுகள் சிதறிக் கிடக்கும் கடலைப் பார்க்கலாம். சொந்த வண்டியில் ஏற முன்பதிவு வேண்டும் என்பதால் கப்பலின் பேருந்துச் சுற்றுலாவே உங்களுக்கு எளிது. ஐலண்ட் எக்ஸ்ப்ளோரர் என்னும் இலவசப் பேருந்து ஜோர்டன் குளம் வரை போகும், உச்சிக்குப் போகாது. அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி அது நின்றுவிடும். அந்த வார இறுதி அமெரிக்காவில் நீண்ட விடுமுறை, பூங்கா நிரம்பி வழியும். அதே திங்கள் கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள், பல கடைகள் மூடியிருக்கும். உங்கள் தேதிகள் அதைத் தொடுகின்றனவா பாருங்கள். மலைக்குப் போக மனமில்லாதவர்கள் ஊரின் கடலோரமாகவே போகும் ஷோர் பாத்தில் மெல்ல நடக்கலாம், மேடு பள்ளம் அதிகம் இல்லை.

ஹாலிஃபாக்ஸ் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம், அதை நடந்தேதான் பார்க்க வேண்டும். கப்பல் நிற்கும் இடத்திலேயே பியர் 21 இருக்கிறது. 1928 முதல் 1971 வரை கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் கனடாவுக்குள் காலெடுத்து வைத்த கொட்டகை அது, இன்று குடியேற்ற அருங்காட்சியகம். புலம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு அங்கே வைத்திருக்கும் பெட்டிகளும் கடிதங்களும் ரொம்பவே பேசும். உங்கள் அப்பா அம்மா அங்கே நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து மரப்பலகை பாவிய கடலோர நடைபாதை சமமாகப் போகிறது, வழியெல்லாம் உட்கார இடம் உண்டு. பாதையிலேயே அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகம். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது உடல்களைத் தேடி மீட்கக் கப்பல்கள் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். அந்தக் கப்பலின் சாய்வு நாற்காலி ஒன்று இங்கே இருக்கிறது. நகரின் ஃபேர்வியூ கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 121 பேரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அதே அருங்காட்சியகத்தில் 1917 டிசம்பர் 6 வெடிவிபத்தைப் பற்றிய கூடமும் உண்டு. வெடிமருந்து ஏற்றி வந்த மோன்-பிளாங்க் என்ற கப்பல் துறைமுகத்தில் இன்னொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்து வெடித்தது, ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அன்றிரவே பாஸ்டனிலிருந்து மருத்துவர்களோடு நிவாரண ரயில் கிளம்பியது. அந்த உதவிக்கு நன்றியாக 1971 முதல் ஆண்டுதோறும் நோவா ஸ்கோஷியா பாஸ்டனுக்கு ஒரு பெரிய கிறிஸ்துமஸ் மரம் அனுப்புகிறது. நீங்கள் கடந்து வந்த பாஸ்டன் காமன் பூங்காவில்தான் அதை நிறுத்துகிறார்கள்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊருக்கு மேலே சிட்டாடல் கோட்டைக் குன்றில் பீரங்கி சுடுவார்கள், கிறிஸ்துமஸ் நாள் தவிர எல்லா நாளும். குன்று ஏற்றம் செங்குத்து, முழங்கால் வலியோடு நடக்க வேண்டாம், டாக்சியில் ஏறி நடந்து இறங்குவதும் வேண்டாம். இறக்கம்தான் முழங்காலை அதிகம் வாட்டும். போகும்போதும் வரும்போதும் வண்டி. இல்லாவிட்டால் டார்ட்மத் போகும் பயணப் படகில் ஏறி உட்காருங்கள். 1752 முதல் ஓடும் படகுச் சேவை அது, சில நிமிடப் பயணத்தில் முழு நகரமும் துறைமுகமும் கண்முன்னே விரியும், கட்டணமும் நகரப் பேருந்துக் கட்டணம்தான்.

பெகிஸ் கோவ் போகலாமா என்பது எல்லோரும் கேட்பது. பாறைமேல் நிற்கும் 1915 கலங்கரை விளக்கம், முக்கால் மணி நேரப் பயணம். அழகு, சந்தேகமில்லை. கப்பல் வரும் நாட்களில் பேருந்துகளும் வரிசையாக வந்து நிற்கும். அப்பா அம்மாவோடு என்றால் நான் ஹாலிஃபாக்ஸையே தேர்ந்தெடுப்பேன். போனீர்களென்றால் ஒன்று மட்டும், கரும்பாறையில் கால் வைக்காதீர்கள். கறுப்பாக இருக்கிறது என்றால் அலை அங்கே வரை வருகிறது என்று பொருள். அமைதியாக இருக்கும் கடல் திடீரென ஓர் அலையை அனுப்பி ஆளை இழுத்துப் போயிருக்கிறது.

சிட்னியில் துறைமுக வாசலிலேயே ஓர் ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டும் வயலின் நிற்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பார்ப்பதற்குக் குறைவு, இங்கே தொலைவான திட்டம்தான் சரி. கேபட் டிரெய்ல் சாலை 298 கிலோமீட்டர், ஒரு கப்பல் நாளில் அதைச் சுற்றி முடிக்க முடியாது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நல்ல தேர்வுகள் உண்டு. ஒன்று லூயிஸ்பர்க் கோட்டை, 1713இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கி, 1758இல் பிரிட்டிஷாரிடம் இழந்து, பின்பு 1961 முதல் கனடா அரசு கால்வாசி நகரத்தைத் திரும்பக் கட்டியெழுப்பியது. திறந்த வெளி, கடற்காற்று, மூன்று அடுக்கும் அங்கே வேண்டியிருக்கும். மற்றது பேடெக், அலெக்சாண்டர் கிரகாம் பெல் வாழ்ந்த ஏரிக்கரை ஊர். வழியெல்லாம் ஏரியும் நிறம் மாறிய குன்றுகளும், அங்கே போனால் நல்ல அருங்காட்சியகம். பெல்லின் குழு செய்த சில்வர் டார்ட் விமானம் 1909 பிப்ரவரியில் அந்த ஊரின் உறைந்த ஏரிமேல் பறந்தது. இலை பார்க்க வந்தவர்கள் பேடெக் போங்கள். பருவம் முடியும் நேரம் என்பதால் இரண்டு இடங்களுமே திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சார்லட்டவுனில் ஓய்வெடுங்கள். சின்ன ஊர், கப்பலடியிலிருந்தே நடக்கலாம். 1864இல் கனடா என்ற நாட்டுக்கான பேச்சுவார்த்தை இங்கே தொடங்கியது. தேவாலயமும் விக்டோரியா ரோ என்னும் தெருவும் பார்த்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தால் நாள் நிறைவாகப் போகும்.

அப்புறம் கியூபெக்குக்குக் கொண்டுபோகும் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவும் ஆறும். பயணத்தில் இந்த ஒரு பகல்தான் கப்பலிலிருந்தே இலை பார்க்கக் கிடைப்பது. குல்லா, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு காலையிலேயே மேல்தளத்துக்கு வாருங்கள். வளைகுடாவில் 'ரைட் வேல்' எனப்படும் திமிங்கிலங்களைக் காக்க, சில பகுதிகளில் கப்பல்கள் 10 நாட் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று கனடா விதித்திருக்கிறது. அந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதால் இந்த மெதுவை நான் மனதார வரவேற்கிறேன். சகேனே ஆறு வந்து சேரும் டாடுசாக் பக்கம் பகலில் கடந்தால் தொலைநோக்கியை எடுங்கள். வெள்ளை பெலூகா திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க வாழும் நீர் அது. முதலில் அலை நுரை என்றே தோன்றும், நுரை கலைந்துவிடும், திமிங்கிலம் மறுபடி எழும்.

கியூபெக்கில் இறங்கிய அன்றே விமானம் பிடிக்காதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள், இந்தப் பயணத்தின் மிக அழகான நகரம் இதுதான். 1608இல் இந்த நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் குடியேறிய இடமான பிளேஸ் ரோயால், கப்பலடியிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே 1688இல் தொடங்கிய சிறு கல்தேவாலயம், பக்கத்தில் பெட்டி-சாம்ப்ளேன் தெரு. காலை ஒன்பதுக்குள் போனால் தெரு உங்களுக்கே. அங்கிருந்து மேல்நகரம் ஏற இரண்டு வழி. பிரேக்நெக் படிகள், பெயரே போதும், வேண்டாம். அதன் அருகிலேயே 1879 முதல் ஏறி இறங்கும் ஃபியூனிகுலர், அதாவது சரிவில் கம்பிவடம் இழுக்கும் பெட்டி, சற்று நேரத்தில் டஃப்ரின் மாடத்தில் விட்டுவிடும். பின்னால் 1893இல் திறந்த ஷாட்டோ ஃபிராண்ட்னாக் ஓட்டல், முன்னால் ஆறு. மாடத்தின் பலகைத் தளம் சமதரை, அப்பா அம்மா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம். வட அமெரிக்காவில் மெக்சிகோவுக்கு வடக்கே கோட்டைச்சுவர் இன்றும் சூழ்ந்திருக்கும் நகரம் இது ஒன்றுதான், 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இரண்டாம் நாள் மோன்ட்மொரன்சி அருவி. 83 மீட்டர், நயாகராவைவிட 30 மீட்டர் உயரம், சுற்றிலும் மேப்பிள் காடு. பக்கவாட்டுப் படிகள் 487, அதை விட்டுவிட்டு கேபிள் காரில் ஏறுங்கள், உச்சியில் தொங்குபாலம். சாரல் காற்றோடு அடிக்கும் என்பதால் மழை ஜாக்கெட் அன்று வெயிலிலும் வேண்டும். மதியத்துக்கு முன்பே போங்கள், அக்டோபர் நடுவில் இங்கே மாலை ஆறு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.

சாப்பாட்டில் இரண்டு எச்சரிக்கை, சைவம் என்று சொன்னீர்கள் அல்லவா. பூட்டீன் என்னும் கியூபெக் பண்டம் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும்தான் என்று நம்பிக் கேட்காமல் வாங்காதீர்கள், மேலே ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாறு. பாஸ்டனின் சவுடர் சூப்பில் சிப்பியோடு பன்றிக்கொழுப்பும் இருப்பது வழக்கம். கியூபெக்கில் கடைக்குள் நுழையும்போது "போன்ஷூர்" என்று முதலில் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் கேட்டால் முகம் மலர்ந்தே பதில் வரும். பணம் கனடா டாலர், எங்கும் அட்டை செல்லும், வெளிநாட்டுக் கட்டணம் பிடிக்காத அட்டையாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

திரும்பி வர, கியூபெக்கிலிருந்து நேரே விமானம் கிடைக்காவிட்டால் கார் டு பலே நிலையத்திலிருந்து மாண்ட்ரியலுக்கு ரயில் உண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பெட்டிகளோடு பெரியவர்களை அழைத்துப் போக அது பேருந்தைவிட நல்லது. மாண்ட்ரியல் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவுச் சோதனை முடிந்துவிடும் என்பதால், விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கும்படி ரயிலைத் தேர்ந்தெடுங்கள்.